சாலையோரம் தூங்குபவரை அடித்தால் கூடுதல் தண்டனை: அமெரிக்கச் சட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடில்லாமல் தெருவிலோ பூங்காவிலோ காருக்குள்ளோ இரவைக் கழிப்பவர்களை, அவர்கள் அப்படி இருக்கிறார்கள் என்பதற்காகவே தாக்கினால், அமெரிக்காவின் சில மாநிலங்களில் வழக்கமானதைவிடக் கூடுதல் தண்டனை உண்டு. இந்தச் சட்டம் எப்படி வந்தது, எங்கே பிடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று நண்பர்களும் வாசகர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஃபுளோரிடாவை வைத்தே பதில் சொல்கிறேன். நாட்டை உலுக்கிய சம்பவம் நடந்தது அங்கேதான், சட்டத்தின் முரண்பாடு பளிச்சென்று தெரிவதும் அங்கேதான்.

இதெல்லாம் எப்போது பெரிய பேச்சானது?

2006 ஜனவரி 12. ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரம், நள்ளிரவு தாண்டிய நேரம். நகர மையத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் வெளியே பெஞ்சில் படுத்திருந்த ஒருவரை இரண்டு இளைஞர்கள் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். அவர் எழுந்து ஓட, துரத்தித் துரத்தி அடித்தார்கள். எல்லாம் சிசிடிவியில் பதிவானது. அவர் பிழைத்துக்கொண்டார். அதே இரவில் வேறு இடங்களில் இன்னும் இரண்டு பேர் தாக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர், 45 வயதுக்காரர், இறந்துபோனார். அடித்தவர்களுக்கு வயது பதினேழு, பதினெட்டு. பணத்துக்கு அல்ல, பகைக்கும் அல்ல, பொழுதுபோக்குக்கு அடித்தார்கள் என்பதுதான் எல்லோரையும் அதிர வைத்தது. அந்த வீடியோ நாடு முழுக்கத் தொலைக்காட்சிகளில் ஓடியது.

அதற்கு முன்பு இப்படி நடந்ததே இல்லை என்று அர்த்தமில்லை. வீடில்லாதவர்களுக்கான தேசியக் கூட்டமைப்பு 1999 முதலே இத்தகைய தாக்குதல்களைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டு வருகிறது. படுத்திருப்பவர் மேல் பெட்ரோல் ஊற்றுவது, பெல்லட் துப்பாக்கியால் சுடுவது, போர்வைக்குத் தீ வைப்பது என்று அதில் வராத கொடுமை இல்லை. அடிப்பவர்கள் பெரும்பாலும் இளவயது ஆண்கள். 2000களின் தொடக்கத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. வீடில்லாதவர்களுக்குக் கொஞ்சம் காசும் மதுவும் கொடுத்து, ஒருவரோடு ஒருவரை மோதவிட்டுப் படமெடுத்து, அதை வீடியோவாக விற்றார்கள். வாங்கிப் பார்த்துச் சிரிக்க ஆளும் இருந்தது.

எந்தெந்த மாநிலங்களில் இப்படிச் சட்டம் இருக்கிறது?

மெய்ன் மாநிலம் 2006இல், தண்டனை விதிக்கும்போது பாதிக்கப்பட்டவர் வீடில்லாதவர் என்பதை நீதிபதி கணக்கில் எடுக்கலாம் என்றது. மேரிலாந்து ஒரு படி மேலே போய், வீடின்மையை வெறுப்புக் குற்றச் சட்டத்துக்குள்ளேயே, அதாவது இனம், மதம் போன்றவற்றின் மேலுள்ள காழ்ப்பால் செய்யும் குற்றங்களுக்கான சட்டத்துக்குள்ளேயே, சேர்த்தது. அது 2009 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே ஆண்டில் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யும் சேர்ந்துகொண்டது. ஃபுளோரிடாவில் 2010 அக்டோபர் 1, வாஷிங்டன் மாநிலத்தில் 2011. பட்டியல் இதோடு முடிந்துவிடவில்லை, ஆனால் மொத்தத்தில் இவை சிறுபான்மைதான். பெரும்பாலான மாநிலங்களின் வெறுப்புக் குற்றச் சட்டங்களில் இனம், மதம் எல்லாம் இருக்கும், வீடின்மை இருக்காது.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதானா?

இல்லை. மேரிலாந்தில் இது தனிக் குற்றம். அடித்ததற்கு ஒரு வழக்கு, வெறுப்பால் அடித்ததற்கு அதோடு சேர்த்து இன்னொன்று. ஃபுளோரிடாவில் தனிக் குற்றம் கிடையாது, செய்த குற்றமே ஒரு படி ஏறிவிடும். மெய்னில் படியும் ஏறாது, நீதிபதி தீர்ப்பெழுதும்போது கனமாக எழுதலாம், அவ்வளவுதான்.

ஃபுளோரிடாவில் "படி ஏறும்" என்றால் என்ன?

அங்கே குற்றங்களுக்கு ஒரு ஏணி இருக்கிறது. கீழே மிஸ்டிமீனர் எனப்படும் சிறு குற்றங்கள்: இரண்டாம் நிலைக்கு அதிகபட்சம் 60 நாள் சிறை, முதல் நிலைக்கு ஓர் ஆண்டு. அதற்கு மேலே ஃபெலனி எனப்படும் பெருங்குற்றங்கள்: மூன்றாம் நிலைக்கு 5 ஆண்டு, இரண்டாம் நிலைக்கு 15, முதல் நிலைக்கு 30. வீடில்லாதவர் என்ற காழ்ப்பில் செய்தது என்று நிரூபணமானால் குற்றம் அப்படியே அடுத்த படிக்குப் போகும்.

ஒருவரைக் கன்னத்தில் அறைவது, காலால் உதைப்பது சாதாரணமாக முதல் நிலைச் சிறு குற்றம். அதிகபட்சம் ஓர் ஆண்டு. காழ்ப்பு நிரூபணமானால் அது மூன்றாம் நிலைப் பெருங்குற்றமாகிவிடும், ஐந்து ஆண்டு வரை போகலாம். எண்ணிக்கையைவிட முக்கியமானது, ஃபெலனி என்ற முத்திரை. வேலை, துப்பாக்கி உரிமம், வாக்குரிமை எல்லாவற்றிலும் அது பின்னால் வந்து நிற்கும். கல்லூரிக்குப் போகிற பையனின் பெற்றோர் பதறுவதும் இந்த முத்திரையைப் பார்த்துத்தான்.

பாதிக்கப்பட்டவர் சிவில் நீதிமன்றத்துக்குப் போய் மூன்று மடங்கு இழப்பீடு கேட்கவும் அதே சட்டப் பிரிவில் வழி இருக்கிறது. வழக்கறிஞர் யார் பிடித்துக் கொடுப்பது என்பது வேறு கதை.

கொலைக்குத்தான் ஏற்கெனவே ஆயுள் தண்டனை இருக்கிறதே, தனிச் சட்டம் எதற்கு?

எதிர்ப்பாளர்களின் பலமான வாதம் இது, நியாயமானதும்கூட. ஃபோர்ட் லாடர்டேல் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது வீடில்லாதவர்களுக்கான பிரிவு ஃபுளோரிடாவில் இல்லை. ஆனாலும் வழக்கமான கொலை, கொலை முயற்சிப் பிரிவுகளிலேயே 2008இல் குற்றவாளிகளுக்கு நீண்ட சிறைத் தண்டனை கிடைத்தது. கொலை என்று வந்துவிட்டால் இந்தச் சட்டத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

இதற்கு வேலை இருப்பது ஏணியின் அடிப்பகுதியில். காலணியால் எத்திவிட்டுப் போவது, பாட்டிலை வீசுவது, தூங்குபவர் மேல் சிறுநீர் கழிப்பது, அதைப் போனில் படம் பிடிப்பது. இவை தினப்படி நடப்பவை, செய்தியாவதில்லை. பழைய கணக்கில் இவை "சின்னப் பசங்க விளையாட்டு", மிஞ்சிப்போனால் அபராதம். இந்தச் சட்டம் உருப்படியாக மாற்றக்கூடியது இந்த இடத்தைத்தான். ஆதரவாளர்கள் மேடையில் கொலைகளைப் பற்றியே பேசுகிறார்கள், உதைகளைப் பற்றிப் பேசினால் வாதம் இன்னும் வலுவாக இருக்கும் என்பது என் எண்ணம்.

சட்டத்தின் பார்வையில் "வீடில்லாதவர்" யார்?

நிலையான, வழக்கமான, போதுமான இரவுத் தங்குமிடம் இல்லாதவர். காப்பகத்தில் தங்குபவரும், மனிதர் தூங்குவதற்கென்று கட்டப்படாத இடத்தில், அதாவது பாலத்தடி, பேருந்து நிலையம், கார் போன்ற இடத்தில் இரவைக் கழிப்பவரும் இதில் வருவார்கள். ஃபுளோரிடா, மேரிலாந்து இரண்டின் வரையறையும் ஏறத்தாழ இதுதான். 2024 ஜனவரியில் ஓர் இரவில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் இப்படி 7,71,480 பேர் இருந்தார்கள். அதில் ஏறக்குறைய 2,74,000 பேருக்குக் காப்பகக் கூரைகூட இல்லை.

அடித்தவன் மனதில் என்ன இருந்தது என்று எப்படி நிரூபிப்பது?

கஷ்டம்தான். ஃபுளோரிடாவில் அரசு வழக்கறிஞர் இரண்டு விஷயங்களைக் காட்ட வேண்டும். அடிபட்டவர் வீடில்லாதவர் என்று அடித்தவருக்குத் தெரியும், அல்லது தெரிந்துகொள்ள நியாயமான காரணம் இருந்தது என்பது ஒன்று. அந்தக் காழ்ப்பு குற்றத்தில் வெளிப்பட்டது என்பது இன்னொன்று. முதலாவது சுலபம்: அட்டைப் பெட்டியின் மேல், பக்கத்தில் சாமான் வண்டியோடு ஒருவர் படுத்திருந்தால் யாருக்கும் தெரியும். இரண்டாவதில்தான் வழக்கு தட்டுத்தடுமாறும். அடிக்கும்போது சொன்ன வசைச்சொல், நண்பர்களுக்கு அனுப்பிய மெசேஜ், போனில் எடுத்த வீடியோ, அதே ஆள் இதற்கு முன் செய்தவை, இவற்றைக் கொண்டுதான் நிறுவ வேண்டும். பணத்தையும் பிடுங்கியிருந்தால் போச்சு. "இது வெறும் வழிப்பறி" என்று எதிர்த்தரப்பு கிளம்பிவிடும்.

போதாக்குறைக்கு, குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையைத் தாண்டவைக்கும் எந்த உண்மையையும் (முந்தைய குற்றத் தீர்ப்பு தவிர) ஜூரியின், அதாவது தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழுவின் முன் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு அப்ரெண்டி வழக்கில் சொல்லிவிட்டது. அதுவும் ஒரு வெறுப்புக் குற்ற வழக்குதான்.

நம் வாசகர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன் 3(2)(5) பிரிவில், பாதிக்கப்பட்டவர் அந்தச் சமூகத்தவர் "என்ற காரணத்துக்காக" குற்றம் செய்யப்பட்டது என்று காட்ட வேண்டியிருந்தது. வழக்குகள் அந்த இடத்திலேயே சறுக்கின. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை, அந்தச் சமூகத்தவர் "என்று தெரிந்தே" செய்தால் போதும் என்று மாற்றியது. அமெரிக்க மாநிலங்களும் அந்தப் பக்கம் வந்தால் பாதித் தலைவலி குறையும்.

எண்ணத்துக்குத் தண்டனையா? கருத்துச் சுதந்திரம் என்ன ஆவது?

இந்தக் கேள்விக்கு 1993லேயே உச்ச நீதிமன்றம் ஒருமனதாகப் பதில் சொல்லிவிட்டது. விஸ்கான்சின் எதிர் மிட்செல் வழக்கு. என்ன வேண்டுமானாலும் நினைக்கலாம். அந்த நினைப்பை வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்து அடித்தால் தண்டனையைக் கூட்டலாம்.

இனம், மதம் போல வீடின்மை பிறவி அடையாளம் இல்லையே? இன்றைக்கு இல்லை, நாளைக்கு வீடு கிடைக்கலாம்.

வெறுப்புக் குற்றச் சட்டங்களுக்காகப் பாடுபட்டவர்களிலேயே சிலர் இப்படித்தான் தயங்கினார்கள். பட்டியலை நீட்டிக்கொண்டே போனால் சட்டத்தின் கூர்மை போய்விடும் என்பது அவர்கள் கவலை. ஆனால் மதமும் மாறக்கூடியதுதானே? மாற்றுத்திறனும் பிறவியிலேயே வர வேண்டும் என்பதில்லை. அடிப்பவன் எதைப் பார்த்து ஆளைப் பொறுக்குகிறான் என்பதுதான் கேள்வி.

இதைவிட வலுவாக எனக்குப் படும் மறுப்பு வேறு. வெறுப்பை நிரூபிக்கச் சொல்வதற்குப் பதிலாக, தற்காத்துக்கொள்ள முடியாதவரைத் தாக்கினால் தண்டனை கூடும் என்று வைத்தால் என்ன? ஃபுளோரிடாவிலேயே 65 வயதோ அதற்கு மேலோ ஆனவரை அடித்தால் குற்றம் படி ஏறும், அடித்தவருக்கு முதியவர்கள் மேல் வெறுப்பு இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மத்தியத் தண்டனை வழிகாட்டு நெறிகளிலும் எளிதில் தாக்குதலுக்கு ஆளாகக்கூடியவர் பாதிக்கப்பட்டால் தண்டனை அளவு கூடும். திறந்த வெளியில், பூட்டுப் போடக் கதவில்லாமல், அயர்ந்து தூங்குபவரைவிட எளிதில் தாக்கப்படக்கூடியவர் யார்?

வீடில்லாதவரை இன்னொரு வீடில்லாதவரே அடித்தால்?

வழக்கமான சட்டம்தான். இடத்துக்கும் பொருளுக்கும் போதைக்கும் அவர்களுக்குள் சண்டை நடப்பது உண்மை. மேலே சொன்ன தேசியக் கூட்டமைப்பும் தன் அறிக்கைகளில் அவற்றைச் சேர்ப்பதில்லை. வீடுள்ளவர்கள் செய்ததை மட்டுமே எண்ணுகிறது.

போலீஸ்காரரே அடித்தால்?

2011 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில், மனச்சிதைவு நோய் இருந்த வீடற்ற ஒருவரைப் போலீஸார் அடித்து, அவர் சில நாளில் இறந்தார். வீடியோ இருந்தது, வழக்கும் நடந்தது. 2014 ஜனவரியில் ஜூரி இரண்டு அதிகாரிகளையும் விடுவித்தது. அப்புறம் நகர நிர்வாகம் தந்தைக்கு 49 லட்சம் டாலர் கொடுத்து சிவில் வழக்கை முடித்துக்கொண்டது. இப்படிப்பட்ட வழக்கில் தண்டனை உயர்வுக்கெல்லாம் பேச்சே வராது, முதலில் குற்றம் என்று ஜூரி ஒத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் இருந்தும் வழக்குகள் அதிகம் கேள்விப்படுவதில்லையே?

புகார் கொடுப்பவரின் நிலையிலிருந்து பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு ஒருவரை உதைத்துவிட்டு மூன்று பேர் காரில் பறந்துவிடுகிறார்கள். அவசர உதவி எண்ணான 911ஐக் கூப்பிடப் போனில் சார்ஜ் இருக்க வேண்டும், முதலில் போன் இருக்க வேண்டும். போலீஸ் வந்தால் முதல் வேலையாகப் பெயரைக் கணினியில் போட்டுப் பார்ப்பார்கள். பூங்காவில் படுத்ததற்கு எப்போதோ எழுதிய அபராதச் சீட்டு, கட்டாமல் விட்டு, நீதிமன்றத்துக்கும் போகாமல் வாரண்டாகி நிற்கும். அடிபட்டவரே கைதாகும் வாய்ப்பு. இது தெரிந்தவர் வாயைத் திறப்பாரா?

சரி, திறந்தார் என்றே வைத்துக்கொள்வோம். விசாரணைக்குச் சம்மன் அனுப்ப முகவரி வேண்டும். ஃபுளோரிடாவில் கிரிமினல் வழக்கிலும் விசாரணைக்கு முன்பே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சாட்சியை அழைத்து வாக்குமூலம் வாங்க முடியும். அதனால் ஒருமுறை அல்ல, பலமுறை ஆள் கிடைக்க வேண்டும். இதற்கிடையில் நகராட்சி ஆட்கள் வந்து கூடாரங்களை அகற்றுகிறார்கள். போர்வையோடு சேர்ந்து அடையாள அட்டை, மருத்துவமனைச் சீட்டு, அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் தொலைபேசி எண் எழுதிய காகிதம் எல்லாம் குப்பை லாரிக்குப் போகின்றன. ஆள் வேறு எங்கோ ஒதுங்கிவிடுகிறார். சாட்சி கிடைக்கவில்லை என்று வழக்கு விழுகிறது, அல்லது சாதாரண அடிதடியாகக் குறைத்துச் சமரசத்தில் முடிகிறது.

தண்டனையை ஐந்து ஆண்டு என்பதிலிருந்து பத்து ஆண்டு என்று மாற்றினாலும் இந்த இடம் அப்படியே இருக்கும். தபால் வாங்கிவைக்கக் காப்பகங்களில் ஒரு முகவரி, சாட்சியைத் தேடிப் போய்ப் பார்க்கும் ஓர் ஊழியர், தாக்குதல் புகார் கொடுக்க வருபவரைச் சில்லறை வாரண்டுக்காகக் கைது செய்வதில்லை என்ற உத்தரவு, இவை தண்டனை உயர்வைவிட அதிகம் சாதிக்கும். ஆனால் இவற்றுக்குப் பணம் ஒதுக்க வேண்டும், உழைக்க வேண்டும். தண்டனையைக் கூட்டுவதற்கு ஒரு வரித் திருத்தம் போதும்.

ஒரு பக்கம் பாதுகாப்பு, இன்னொரு பக்கம் தெருவில் படுத்தாலே குற்றம் என்கிறார்களே?

முரண்பாடு என்று நான் ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான். 2024 ஜூன் 28 அன்று கிரான்ட்ஸ் பாஸ் வழக்கில், பொது இடத்தில் படுப்பதற்கு அபராதமும் சிறையும் விதிப்பது அரசமைப்புக்கு விரோதமில்லை என்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் சொன்னது. கிரான்ட்ஸ் பாஸ் ஆரிகன் மாநிலத்தில் ஒரு சிற்றூர். வழக்கு நடந்த காலத்தில் அங்கே பூங்காவில் முகாமிட்டால் 295 டாலர் அபராதம் இருந்தது. திரும்பத் திரும்பச் செய்தால் பூங்காவுக்குள் வரத் தடை, தடையை மீறினால் அத்துமீறிய குற்றத்துக்கு 30 நாள் வரை சிறை. தூக்கம் உடலின் தேவை, குற்றமல்ல என்று நீதிபதி சோட்டோமேயர் மறுப்புத் தீர்ப்பு எழுதினார்.

ஃபுளோரிடா அதற்கு முன்பே தயாராகிவிட்டது. பொது இடத்தில் வழக்கமாகத் தூங்குவதையோ முகாமிடுவதையோ நகரங்களும் கவுண்டிகளும் (நம் மாவட்டம் போன்றவை) அனுமதிக்கக் கூடாது என்ற சட்டத்தில் ஆளுநர் டிசாண்டிஸ் 2024 மார்ச்சில் கையெழுத்திட்டார். அது நடைமுறைக்கு வந்த நாள் அக்டோபர் 1. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வீடில்லாதவர்களைப் பாதுகாக்கும் பிரிவு நடைமுறைக்கு வந்ததும் அதே தேதியில்தான். திட்டமிட்டதல்ல, ஃபுளோரிடாவில் நிறையச் சட்டங்களுக்கு அக்டோபர் 1 வழக்கமான நாள். புதிய சட்டப்படி, நகரம் கண்டுகொள்ளாமல் இருந்தால் குடியிருப்பவர்களும் கடைக்காரர்களும் அதன்மேல் வழக்குப் போடலாம். ஆக, வெளிச்சமுள்ள, நாலு பேர் நடமாடும் இடங்களிலிருந்து இவர்கள் விரட்டப்பட்டு மறைவிடங்களுக்குப் போகிறார்கள். அடிப்பவனுக்கு வசதியும் அங்கேதான்.

ஃபோர்ட் லாடர்டேலையும் மறக்க முடியாது. மட்டையடி நடந்த அதே நகரம் 2014இல் பொது இடங்களில் வீடில்லாதவர்களுக்கு உணவு கொடுப்பதற்குக் கட்டுப்பாடு போட்டது. 90 வயதான ஆர்னால்ட் அபாட் சோறு போட்டதற்காகப் போலீஸ் அவர்மேல் வழக்கு எழுதியது உலகச் செய்தியானது.

மத்திய அரசு என்ன செய்கிறது?

பெரிதாக ஒன்றுமில்லை. 2009இல் ஒபாமா கையெழுத்திட்ட வெறுப்புக் குற்றத் தடுப்புச் சட்டத்தில் வீடின்மை இல்லை. மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஆண்டுதோறும் வெளியிடும் வெறுப்புக் குற்றக் கணக்கிலும் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. சேர்க்கக் கோரி நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் வந்தன, தேறவில்லை. அரசுக் கணக்கு இல்லாததால்தான் ஒரு தன்னார்வக் கூட்டமைப்பு பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. எண்ணாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தண்டனை கூடினால் குற்றம் குறையுமா?

குற்றவியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும் விஷயம், தண்டனையின் அளவைவிடப் பிடிபடுவோம் என்ற நிச்சயம்தான் ஆளைத் தடுக்கிறது என்பது. அதுவும் நண்பர்களோடு குடித்துவிட்டுக் கிளம்பும் பதினேழு வயதுப் பையன் சட்டப் பிரிவைப் படித்துவிட்டுக் கிளம்புவதில்லை. ஆனால் போலீஸ்காரரும் அரசு வழக்கறிஞரும் படிப்பார்கள். ஃபெலனி என்றால் கோப்பு மேஜையில் இருக்கும், மிஸ்டிமீனர் என்றால் அடுக்கின் அடியில் போகும். சட்டத்தின் அசல் பலன் அடிப்பவன் மனதில் அல்ல, அலுவலக மேஜையில்தான் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் இப்படி ஏதாவது உண்டா?

நடைபாதைவாசிகளுக்கென்று தனிப் பிரிவு இல்லை. இந்தியாவின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, மொழி "அல்லது அதுபோன்ற வேறு காரணத்துக்காக" கொலை செய்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் என்கிறது. அந்த "வேறு காரணத்துக்குள்" வீடின்மையும் வருமா என்று நல்ல வழக்கறிஞர் வாதாடிப் பார்க்கலாம். மற்றபடி தமிழ்நாட்டில் 1945ஆம் ஆண்டின் பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதுவும் தெருவில் இருப்பவரைப் பிடிப்பதற்கான சட்டம்தான்.

அமெரிக்காவில் இருக்கிறேன். இப்படி ஒரு தாக்குதலை நேரில் பார்த்தால் என்ன செய்வது?

குறுக்கே பாய வேண்டாம், 911ஐக் கூப்பிடுங்கள். முடிந்தால் தள்ளி நின்று வீடியோ எடுங்கள், கார் எண்ணைக் குறியுங்கள். அடித்தவர்கள் என்ன சொல்லிக்கொண்டே அடித்தார்கள் என்பதை அதே வார்த்தைகளில், அது கெட்ட வார்த்தையாக இருந்தாலும், உடனே எழுதிவையுங்கள். காழ்ப்பை நிரூபிக்க அதுதான் ஆதாரம், அதை "ஏதோ திட்டினார்கள்" என்று போலீஸிடம் சுருக்கிச் சொன்னால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, ஒரு தாளில் எழுதி அடிபட்டவரிடம் கொடுங்கள், நீங்களும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பல மாநிலங்களில் மருத்துவச் செலவுக்கான இழப்பீடு கேட்கவும் அந்தப் புகார் தேவைப்படும். உங்கள் பெயரையும் எண்ணையும் சாட்சியாகக் கொடுக்கத் தயங்க வேண்டாம். அவரைக் கண்டுபிடிப்பது கடினம், ஆனால் உங்களுக்கு முகவரி இருக்கிறது, சம்மன் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்.